போன இடம், வரும் நேரம்

பதினெட்டு அறைகள் கொண்ட அந்த ஹோட்டலில் அவளுக்குப் பெயர் சாவியக்கா. சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. முதலாளியே அதை மாதம் ஒரு தடவைதான் பார்ப்பார். இருபத்திரண்டு வருஷமாக ரிசப்ஷன் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து சாவி கொடுத்து, சாவி வாங்கி, சாவியைத் தொலைத்தவர்களைத் திட்டித் தீர்த்த ஒருத்தியை வேறு எப்படிக் கூப்பிடுவது?

சந்தேகம் அவளோடு கூடப் பிறந்தது. தண்ணீர் கேன் போடுகிறவர் ஒரு நிமிஷம் கூடுதலாக நின்றால், "என்ன சமாச்சாரம்?" என்பாள். மருந்துக் கடையில் மாத்திரை அட்டையைத் திருப்பித் திருப்பித் தேதி பார்ப்பாள். வீட்டைப் பூட்டிவிட்டு மூன்று முறை இழுத்துப் பார்த்து, தெருமுனை வரை போய், திரும்பி வந்து நான்காவது முறையும் இழுப்பாள். அவளைப் பெண் பார்க்க வந்த இரண்டு மாப்பிள்ளைகளும் அவள் விசாரித்த விசாரிப்பில் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் ஓடிவிட்டார்கள் என்று அவள் தம்பி கேலி செய்வான். "ஏதோ இருக்கப்போய்த்தானேடா ஓடினானுங்க?" என்று அவளும் சிரிப்பாள்.

ஆனால் அந்த மேஜைக்கு அந்தக் குணம் பொருத்தமாகத்தான் இருந்தது. வெளிநாட்டிலிருந்து வந்து இறங்குகிறவர்கள் பாவம், பச்சைக் குழந்தைகள். கழுத்தில் கேமரா, கையில் விரித்த வரைபடம், 'என்னிடம் பணம் இருக்கிறது' என்று ஊருக்கே சொல்லும் ஒரு இடுப்புப் பை. சாவியக்கா விடமாட்டாள். கடிகாரத்தைக் கழற்று. பையை முன்பக்கம் மாட்டு. பாஸ்போர்ட்டைப் பெட்டியில் வைத்துவிட்டு நகலை எடுத்துப் போ. சட்டையில் எதையாவது கொட்டிவிட்டுத் துடைக்க வருகிறவன் கிடைத்தால் நிற்காதே, நட. மொழி புரியாதவர்களுக்கு நடித்தே காட்டுவாள். திருடன் வேஷம் போட்டுத் தன் கைப்பையைத் தானே அறுத்துக்கொள்ளும் அழகைப் பார்க்கச் சமையல்காரர் கரண்டியோடு வாசலுக்கு வந்து நிற்பார்.

வெளியே போகிறவர்களைக் குறித்துவைக்கும் பலகையும் அவள் கண்டுபிடிப்புதான். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்பு ஒரு விருந்தாளி தனியாக மலையேறப் போய், கால் பிசகி, இரண்டு நாள் பாறை இடுக்கில் கிடந்தார். எங்கே போனார் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. அவர் பிழைத்தது தெய்வாதீனம். மறுவாரமே சாவியக்கா பள்ளிக்கூடச் சாமான் விற்கும் கடைக்குப் போய் ஒரு கரும்பலகை வாங்கி, தன் நாற்காலிக்குப் பின்னால் சுவரில் மாட்டினாள். நான்கு கட்டம். அறை. போன இடம். போன வண்டி. வரும் நேரம். யார் வெளியே போவதாக இருந்தாலும் காலையிலேயே அவளிடம் சொல்லிவிட வேண்டும், சொல்லாமல் வாசலைத் தாண்ட முடியாது. சொன்ன நேரத்துக்கு மேல் அரை மணி ஆனால் ஃபோனை எடுத்துவிடுவாள். எழுத்து அச்சுப்போல் இருக்கும். முன்வாசலில் நின்றே படிக்கலாம். முதலாளிக்கு அதில் ஏகப்பட்ட பெருமை.

மூன்றாவது கட்டத்தில் பெரும்பாலும் அவள் தம்பியின் கார்தான். அம்மா போன பிறகு அவள் தலைவாரிப் பள்ளிக்கு அனுப்பி வளர்த்த தம்பி. இன்று அவனுக்கு முப்பத்தெட்டு வயது, மனைவி, இரண்டு பெண் பிள்ளைகள். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு சாவியக்காவுக்கு அவன் வீட்டில். சின்னவள் அத்தை மடியில் உட்கார்ந்தால்தான் சாப்பிடுவாள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில்தான் இரண்டு மாதத்துக்குள் மூன்று சம்பவம். முதலில் மலைமேல் காட்சி மேடைக்குப் போன ஒரு புதுமணத் தம்பதி. கழுத்தில் கத்தி வைத்து எல்லாவற்றையும் பிடுங்கினார்கள். அடுத்து, ஆற்றங்கரைக்குப் போன ஒரு இளைஞன். கேமராவைக் கொடுக்க மறுத்ததற்குத் தாடையை உடைத்தார்கள். மூன்றாவது, பழைய கோட்டைச் சுவரைப் படம் வரையப் போன அறுபத்தேழு வயது ஆசிரியை. தனியாக வந்தவர். கையில் பதினேழு தையல்.

ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போன சாவியக்காவின் கையை அந்த அம்மாள் விடவே இல்லை. நீங்கள் பலகையைப் பார்த்து ஆள் அனுப்பியிருக்காவிட்டால் நான் அங்கேயே ரத்தம் வடிந்து செத்திருப்பேன் என்று, தெரிந்த நாலு வார்த்தையிலும் கண்ணீரிலுமாகச் சொன்னார். சாவியக்கா அழுதாள். அழுதுகொண்டே வெளியே வந்தவளை வராந்தாவில் இன்ஸ்பெக்டர் நிறுத்தினார்.

"இந்த ஊர்ல நாப்பது ஹோட்டல் இருக்கு. அடிபட்ட மூணு பேருமே உங்க ஹோட்டல். அது ஏங்க?"

"எனக்கு எப்படி சார் தெரியும்?"

"ஒவ்வொரு தடவையும் அவனுங்க முன்னாடியே போய்க் காத்திருந்திருக்கானுங்க. இவங்க எங்க போறாங்க, எப்ப போறாங்கன்னு யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும். அப்புறம்... கூட்டிட்டுப் போற டிரைவருக்கு."

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவள் காதில் விழுந்தது. மூன்று முறையும் ஒரே கார். 

ஒரு மனிதன் மேல் சந்தேகம் விழுந்துவிட்டால் அவன் தும்மினால்கூடக் குற்றம்தான். தம்பி காருக்குப் புது சீட் கவர் போட்டிருந்தான், எங்கிருந்து வந்தது? அவள் உள்ளே வந்ததும் ஃபோனைக் கவிழ்த்து வைத்தான், எதற்கு? ஒரு செவ்வாய்க்கிழமை விமான நிலையத்துக்குச் சவாரி என்றான். அன்று விமான நிலையச் சாலையில் பாலம் வேலை, வண்டியே விடவில்லை என்பது அவளுக்குத் தெரியும். சாவியக்காவிடம் காது குத்த முடியுமா? ஆனால் அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நாலு ஞாயிறு அவன் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டாள். சின்னவளுக்கு ஊட்டிக்கொண்டே, அலமாரியில் புதிதாக ஏதாவது இருக்கிறதா என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். தம்பி மனைவி, "அண்ணிக்கு உடம்பு சரியில்லையா, சரியாவே சாப்பிடலையே" என்று இன்னொரு கரண்டி போட்டாள். 

ஐந்தாவது வாரம் அவளே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனாள். தம்பி பெயரைச் சொன்னாள். சொல்லும்போது மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள். இனி ஒரு விருந்தாளி குத்துப்பட்டுச் செத்தால் அந்தப் பாவம் தன் தலையில்தான் விடியும் என்று அவள் நம்பினாள். அதை நான் தப்பென்று சொல்லமாட்டேன்.

இன்ஸ்பெக்டர் ஒரு வழி சொன்னார். "வராத விருந்தாளி ஒருத்தரை வந்ததா உங்க தம்பிகிட்ட மட்டும் சொல்லுங்க. வேற யார்கிட்டயும் மூச்சு விடக்கூடாது. அந்த இடத்துல எங்க ஆள் உக்காந்திருப்பார். யாராவது வந்தா, விஷயம் தெளிஞ்சு போச்சு."

வியாழக்கிழமை காலை அவள் தம்பிக்கு ஃபோன் செய்தாள். "பதினொண்ணாம் நம்பர்ல ஒருத்தர் வந்திருக்கார்டா. பெரிய பெரிய கேமரா வச்சிருக்கார். மூணு மணிக்கு ஏரி மேற்குக் கரைக்குத் தனியா நடந்து போறாராம். அஞ்சு மணிக்கு நீ போய்க் கூட்டிட்டு வந்துடு."

"தனியாவா? வேணாம்னு சொல்லுக்கா" என்றான் தம்பி.

நல்லா நடிக்கிறான் என்று நினைத்தாள். பதினொன்றாம் அறையில் கூரை ஒழுகி மூன்று மாதமாக ஆளே இல்லை. அன்று முழுக்க வாயைத் தைத்ததுபோல் இருந்தாள். சமையல்காரர் கேட்டதற்குக்கூட ஆமா, இல்லை என்றுதான் பதில்.

மூன்றே காலுக்கு ஏரிக்கரையில் பைக்கில் இரண்டு பேர் வந்தார்கள். கேமராவோடு உட்கார்ந்திருந்தவர் முதுகில் கத்தியை வைத்தார்கள். அவர் திரும்பித் துப்பாக்கியைக் காட்டினார். கையும் களவுமாக அகப்பட்டார்கள். நாலு மணிக்கு டாக்ஸி ஸ்டாண்டில், மற்ற டிரைவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, தம்பியின் சட்டைக் காலரைப் பிடித்து ஜீப்பில் ஏற்றினார்கள். செய்தி வந்ததும் சாவியக்கா தலைவலி என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்தாள். பூட்டை இழுத்துப் பார்த்தாளா என்பதே ஞாபகமில்லை.

வெள்ளிக்கிழமை காலை வேலைக்கு வந்தவள், வழக்கம்போல் முந்தின நாள் பலகையைத் துடைக்க ஈரத் துணியை எடுத்தாள்.

'அறை 11. ஏரி, மேற்குக் கரை. நடந்து. 5 மணி.'

அவள் கையெழுத்து. அச்சுப்போல், முன்வாசலில் நின்றே படிக்கும்படி. ஃபோனைக் காதில் வைத்தபடியே எழுதியிருக்கிறாள். பன்னிரண்டு வருஷமாக வாய் ஒரு இடத்தின் பெயரைச் சொன்னால் கை சாக்பீஸைத் தேடிப் போகும். இல்லாத ஆள் என்றால் கைக்குத் தெரியவா போகிறது? வாயைத் தைத்தவள் கையைக் கட்டிப்போட மறந்துவிட்டாள்.

துணியோடு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தாள். மூன்று மாதத்துக்கு மேலாக அடிக்கடி வந்துபோன இரண்டு இளைஞர்கள் நினைவுக்கு வந்தார்கள். ஒருநாள் அறை வாடகை கேட்டு. ஒருநாள் யாரோ நண்பன் தங்கியிருக்கிறானா என்று. நேற்று மதியம்கூட ஒருவன், மறந்துவிட்ட குடையைத் தேடி. அவர்களை அவள் சந்தேகப்படாமல் இல்லை. அடையாள அட்டை கேட்டாள், செருப்பைப் பார்த்தாள், மேஜைமேல் இருக்கும் பேனாவைத் தூக்கிவிடுவார்களோ என்று கைகளையே கவனித்தாள். விரட்டியும் விட்டாள். அவள் அவர்கள் கையைப் பார்த்துக்கொண்டிருந்த நேரமெல்லாம் அவர்கள் கண் அவள் தலைக்கு மேலே இருந்தது.

ஸ்டேஷனுக்கு ஓடினாள். இன்ஸ்பெக்டர் அவளை உட்காரச் சொன்னார்.

"தெரியும்மா. ராத்திரியே சொல்லிட்டானுங்க. டிரைவரா, அவன் யாருன்னே தெரியாதுங்கிறானுங்க. தினமும் உங்க பலகையைப் பாத்துட்டுத்தான் கிளம்புவாங்களாம். கையெழுத்து ரொம்பத் தெளிவா இருக்குன்னு சிரிக்கிறானுங்க."

"என் தம்பி, செவ்வாய்க்கிழமை..."

"ஒரு கம்பெனியில டிரைவர் வேலைக்கு இன்டர்வியூ போயிருக்கார். நாங்க விசாரிச்சுட்டோம். உங்க சவாரியெல்லாம் விட்டுட்டுப் போறதைச் சொன்னா நீங்க வருத்தப்படுவீங்கன்னு சொல்லலையாம்." கொஞ்சம் தயங்கினார். "பேரைக் குடுத்தது யாருன்னு அவருக்குத் தெரியாது. நாங்க சொல்றதில்லை. நீங்களும் சொல்ல வேண்டியதில்லை."

தம்பி வெளியே வந்தான். இடது கண் மூடிப்போய் வீங்கியிருந்தது. உதடு கிழிந்திருந்தது. அவளைப் பார்த்ததும், "சாப்பிட்டியாக்கா?" என்றான். போலீஸ் கொண்டுவந்து ஸ்டேஷன் வாசலில் நிறுத்தியிருந்த அவன் காரில் இருவரும் ஏறினார்கள். ஒற்றைக் கண்ணால் பார்த்து மெதுவாக ஓட்டினான்.

"யாரோ நமக்கு வேண்டாதவங்க போட்டுக் குடுத்திருக்காங்கக்கா" என்றான் சிறிது தூரம் போன பிறகு. "ஸ்டாண்டுல எவனாவது இருக்கும். இல்லேன்னா எதிர் ஹோட்டல் மேனேஜர். உனக்கு யார் மேலயாவது சந்தேகம் இருக்கா?"

சந்தேகத்துக்கா பஞ்சம்? அவள் நினைத்திருந்தால் அந்த இடத்திலேயே ஐந்து பெயர் சொல்லியிருக்கலாம். அவன் அத்தனையையும் நம்பியிருப்பான். ஞாயிற்றுக்கிழமைச் சோறு, சின்னவள், எல்லாம் இருந்த இடத்திலேயே இருந்திருக்கும். அவளும் ஒரு பெயரை நாக்கு நுனிவரை கொண்டுவந்தாள். ஆனால் அந்தப் பெயர்க்காரனின் கண்ணும் இப்படி வீங்கும் என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"நான்தான்டா குடுத்தேன்" என்றாள்.

அவன் வண்டியை ஓரம் கட்டினான். ஒரு டயர் கடை வாசல். உள்ளே யாரோ காற்றடித்துக்கொண்டிருந்தார்கள். ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்காமல் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எப்ப வந்துச்சு சந்தேகம்?"

"ஒரு மாசம் இருக்கும்."

"நம்ம வீட்டுக்கு வந்து சாப்பிட்டியே."

"ஆமா."

"பாப்பா உன் மடியிலதானே உக்காந்திருந்தா?"

 அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவன் குரலை உயர்த்தவே இல்லை. உயர்த்தியிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லக்கா?"

"பயந்துட்டேன்டா. நீ ஆமான்னு சொல்லிட்டா நான் என்ன பண்றது?"

அவன் அப்போதுதான் அவள் பக்கம் திரும்பினான். வீங்காத கண்ணில் கோபம் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவன் மாதிரி கேட்டான்.

"இல்லேன்னு சொல்லியிருந்தா நம்பியிருப்பியா?"

சாவியக்கா வாயைத் திறந்தாள். ஒரே ஒரு வார்த்தை போதும். டயர் கடையில் காற்றடிப்பது நின்றது. அவன் காத்திருந்தான். இன்னும் கொஞ்ச நேரம் காத்திருந்தான். பிறகு அவளுக்குக் குறுக்காகக் கையை நீட்டி, அவள் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டான்.