பீப்பாய் மோந்த வேலை

அந்த பீர் ஆலையைத் தொண்ணூறுகளில் விற்றபோது அதன் வரலாற்றைப் புத்தகமாகப் போட்டார்கள். நான்கு தலைமுறை முதலாளிகளின் படங்கள் இருக்கின்றன. வண்டி இழுத்த குதிரைகளின் படங்கள்கூட இருக்கின்றன. பீப்பாய் மோந்தவர்களைப் பற்றி ஒரு வரி இல்லை. அதனால் நான் எழுதுகிறேன்.

எண்பதுகளில் தென் லண்டனில் இருந்த அந்த ஆலையில், பப்களிலிருந்து திரும்பும் மரப்பீப்பாய்களைக் கழுவியபின் ஒருவன் துளையில் மூக்கை வைத்து மோந்து பார்க்க வேண்டும். புளித்த வாடை அடித்தால் வெண்கட்டியால் புள்ளடி போட்டு ஒதுக்க வேண்டும். முதல் முதலாளி காலத்து வழக்கம். நான் குடிப்பதில்லை, ஆகவே என் மூக்கை நம்பினார்கள்.

ஒரு மாசியில் தடிமன் பிடித்து மூக்கு அடைத்தது. தடிமன் போனது, மணம் திரும்பவில்லை. கொழும்பில் நின்ற மனைவியை லண்டனுக்குக் கூப்பிட, நிரந்தர வேலை என்று முதலாளியின் கடிதம் வேண்டும். கேட்டிருந்தேன், கைக்கு வரவில்லை. மூக்கு வேலை செய்யாதவனுக்கு யார் கடிதம் தருவான்? பீப்பாய் கழுவுகிற அண்ணையிடம் மட்டும் சொன்னேன்.

“அண்ணை, நீங்கள் ஒருக்கா மோந்து சொல்ல ஏலாதே?”

“காலமையே ரெண்டு கிளாஸ் உள்ளுக்குப் போட்டுது. எனக்கு உன்ர தலையும் பீராத்தான் மணக்கும். முதலாளியிட்டச் சொல்லு.”

“சொன்னா வேலையால அனுப்பிப்போடுவான்.”

“அப்ப மூக்கை வாடகைக்கு எடு!”

சிரித்தார். அறைய வேண்டும் போலிருந்தது.

புளித்தது ஒன்று தப்பிப் போனால் நான் தொலைந்தேன். அந்தப் பயத்தில் கண்டதற்கெல்லாம் புள்ளடி போட்டேன். ஒதுக்கியவை சுவர் உயரத்துக்கு ஏறின. ஒருநாள் முதலாளி இறங்கி வந்து நாலைந்தில் தானே மூக்கை வைத்தார்.

“இதெல்லாம் நல்ல பீப்பாய். எத்தனை நாளாக உனக்கு மணம் இல்லை?”

“பத்து நாள்.”

“நாளையிலிருந்து லொறியில் பீப்பாய் ஏற்று.”

“கடிதம்?” என்றேன்.

“போன கிழமையே கையெழுத்துப் போட்டேனே. மேலே கந்தோரில் கிடக்கும்.”

ஒரு கிழமை! அந்த ஏழு நாளும் ஒழுங்காகச் சாப்பிடவில்லை, கண் மூடவில்லை. ஒருவனும் சொல்லவில்லை. மேலே ஓடிக் கடிதத்தைப் பறித்துக்கொண்டு மனைவிக்கு அனுப்ப நேரே தபால் கந்தோருக்குப் போனேன். கேட்காமல் வெளியே போனதற்கு மேற்பார்வையாளன் கத்தினான். கத்தட்டும்.