சீத்தாக்கொட்டை எண்ணெய்

அறுபதுகளின் நடுவில், சிட்லபாக்கத்து வாடகை வீட்டில், மூட்டைப்பூச்சித் தொல்லை தாங்க முடியவில்லை. டி.டி.டி. அடிக்க வந்த பஞ்சாயத்து ஆட்களை வாசலோடு திருப்பி அனுப்பியவன் நான்தான். "கர்த்தர் படைச்ச விதையிலயே மருந்து கெடக்குது. இந்த விஷம் எதுக்குப்பா?" என்று தெருவே கேட்கச் சொன்னேன்.

சீத்தாப்பழக் கொட்டைகளைக் காயவைத்து இடித்து, தேங்காயெண்ணெயில் காய்ச்சி வடித்தேன். கோழி இறகால் தொட்டு, கட்டில் மூலைகளிலும் நாற்காலிப் பிரம்பின் இடுக்குகளிலும் தடவினேன். பூச்சிகள் செத்து விழுந்தன, அது உண்மை.

என் மனைவிக்குத்தான் மனம் ஒப்பவில்லை. "பேனுக்குத் தடவுறப்பவே கண்ணுல படக் கூடாதும்பாங்க. கொழந்த இருக்கிற வீடுங்க."

"ஒண்ணாவது படிக்கிறா, கைக்குழந்தையா? சும்மா இரு."

எண்ணெய்க் கையைத் தோள்துண்டில் துடைத்துக் கொடியில் போட்டேன். பள்ளிக்கூடம் விட்டு வந்த மகள் முகம் கழுவிவிட்டு அதே துண்டில் துடைத்துக்கொண்டாள். பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. பொழுது சாய்வதற்குள் அவள் இடது கண் சிவந்து, இமை வீங்கி மூடிக்கொண்டது.

எதிர்வீட்டு அம்மாள் வந்து பார்த்து, என் மனைவியைத் தேற்றினாள். "மெட்ராஸ் ஐதான் இது. எங்க வூட்ல நாலு பேருக்கும் வந்துச்சு. நீ ஏம்மா அழுவுற? என் மாமியாருக்கு வந்தப்ப ஒரு வாரம் என்னைய மொறைக்கவே முடியல, நிம்மதியா இருந்தேன்!"

அந்தப் பேச்சை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். யாரும் பார்க்காதபோது துண்டைச் சோப்புப் போட்டு அலசினேன். இரண்டு நாள் முழங்காலில் நின்று, மகளின் கண்ணுக்காக அழுது ஜெபித்தேன். துண்டைப் பற்றி மட்டும் கர்த்தரிடமும் வாய் திறக்கவில்லை.

மூன்றாம் நாள் காலையில் அவள் இமையைக் கையால் விலக்கி, "ஜன்னல் பொகையாத் தெரியுதுப்பா" என்றாள். ரயிலேறிப் பட்டணத்துக் கண் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். "கண்ணுல ஏதாச்சும் பட்டுதா?"

"இல்லீங்க. மெட்ராஸ் ஐ" என்றாள் மனைவி.

"அதுக்குக் கருவிழி இப்படிப் புண்ணாகாதும்மா. நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

நான் குறுக்கிட்டேன். "சீத்தாக்கொட்டை எண்ணெய் சார். என் துண்டுலேர்ந்து."

"அன்னைக்கே தண்ணி விட்டுக் கழுவியிருக்கலாமேய்யா!" என்று சத்தம் போட்டபடியே மருந்திட்டுக் கட்டினார். தேவகிருபை, பார்வை போகவில்லை. கருவிழி ஓரத்தில் ஒரு வெள்ளைத் தழும்பு மட்டும் இன்றும் நிற்கிறது.

திரும்பும் ரயிலில் மகள் தாய் மடியில் தூங்கினாள். கிண்டி தாண்டியதும் மனைவி கேட்டாள்.

"எப்பத் தெரியும் உங்களுக்கு?"

"அன்னைக்கே சந்தேகம்."

"ரெண்டு நாளா ஜெபம் பண்ணீங்களே, அப்பவுமா?"

"அப்பவும்தான்."

எங்கள் ஸ்டேஷனான சானட்டோரியத்தில் இறங்கும்போது, மனைவியிடமிருந்து குழந்தையை வாங்கிக்கொள்ளக் கை நீட்டினேன். கட்டுப் போட்ட முகத்தைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு, ஒரு கையால் கம்பியைப் பிடித்தபடி அவளே தனியாக இறங்கினாள்.