பெயர் போய், ஃபைல் இருந்த மத்தியானம்

2008-இல் கடலூரில் சலீம் பாயின் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில் வேலை பார்த்தேன். ஃபைல் அழிந்துவிட்டது என்று யார் போன் செய்தாலும் பாயின் பதில் ஒன்றுதான்: "மொதல்ல வயரைப் புடுங்குங்க." அழிக்கும்போது ஃபைலின் பெயர்தான் போகிறது. உள்ளே இருந்தது டிஸ்கில் அப்படியே கிடக்கும். அதன்மேல் வேறு எதுவும் எழுதப்படாதவரை மீட்கலாம்; கரண்ட் வயரைப் பிடுங்கிவிட்டால் எதுவும் எழுதப்படாது. விண்டோஸ் மெஷின்களில் இந்த விதி எங்களைப் பலமுறை காப்பாற்றியிருக்கிறது.

அந்தப் புரட்டாசியில் அண்ணாமலை நகரிலிருந்து ஒரு போன். பேசியவர் எஸ்தர், கம்மாபுரத்துக்காரர். நிலத்தடி நீர் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். வீட்டு லினக்ஸ் மெஷினில் மூன்று வாரமாக ஒரு கணக்கு ஓடி, விடைகள் ஒரே ஃபைலில் சேர்ந்துகொண்டிருந்தன. பழைய நகல் என்று நினைத்து அதை அழித்துவிட்டார். மறுபடி முதலிலிருந்து ஓட்டினால் ஆய்வேட்டை ஒப்படைக்கும் தேதி தாண்டிவிடும். பாய் வழக்கமான பதிலைச் சொல்லிவிட்டு என்னை பஸ் ஏற்றினார்.

ஆலப்பாக்கம் தாண்டியதும் நான் போன் செய்தேன். எடுத்தவர் எஸ்தரின் கணவர் அருள்.

"பாய் வயரைப் புடுங்கச் சொன்னாரு சார். இவதான் கையே வெக்க உட மாட்றா. கணக்கு ஓடுது, ஓடுதுன்றா."

"இன்னுமா ஓடுது?"

எஸ்தர் போனை வாங்கினார். "ஆமாங்க. ஃபைலை அழிச்சும் புரோகிராம் நிக்கல. அவ்ளோ பெரிய ஃபைல் போயும் டிஸ்குல எடம் கூடவே இல்ல. முன்ன மாதிரியே நெறஞ்சு கெடக்கு."

"வயரைத் தொடாதீங்க. புரோகிராமையும் மூடாதீங்க."

"பாய் வேற மாதிரி சொன்னாரே?"

"பாய்கிட்ட நான் பேசிக்கறேன்."

டிஸ்கில் பெயர் போய்விட்டது. ஆனால் புரோகிராம் அந்த ஃபைலைத் திறந்து வைத்திருப்பது மெஷினின் மெமரியில் இருக்கிறது. புரோகிராம் அதை மூடும்வரை லினக்ஸ் அந்த இடத்தை விடுவிக்காது. 'பெயர் எடுத்தாயிற்று, இடம் இன்னும் விடுபடவில்லை' என்று டிஸ்கிலும் ஒரு குறிப்பு வைத்துக்கொள்ளும். கரண்ட் போனால் மெமரி மறந்துவிடும், டிஸ்க் மறக்காது. திரும்ப எழும்போது லினக்ஸ் அந்தக் குறிப்பைப் பார்த்து மிச்ச அழிப்பை முடித்து, ஃபைல் டிஸ்கில் எங்கே கிடந்தது என்ற விவரத்தையும் துடைத்துவிடும். வயரைப் பிடுங்குவதும் அந்த ஃபைலை முழுதாக அழிப்பதும் இங்கே ஒன்றுதான்.

இன்னொரு ஆபத்தும் இருந்தது. டிஸ்க் முழுதும் நிறைந்தால் புரோகிராம் தானே விழும். அப்போதும் ஃபைல் போய்விடும். புரோகிராமைச் சாகவிடாமல் உறைய வைக்கும் கட்டளையை எழுத்து எழுத்தாகச் சொன்னேன். எஸ்தர் அடித்தார். கணக்கு அசையாமல் நின்றது.

நான் போனபோது அருள் ஸ்விட்ச் போர்டை மறைத்துக்கொண்டு நின்றார். "பக்கத்து வூட்டுக்காரரு செல்லு சார்ஜ் போட வந்தாரு சார். உள்ளயே உடல."

ஓடும் புரோகிராம்கள் திறந்து வைத்திருப்பதை எட்ட லினக்ஸில் தனி வழி உண்டு. அதன் வழியாக, பெயரில்லாத அந்த ஃபைலை நான் கொண்டுபோன வெளி டிஸ்குக்கு காப்பி செய்தேன். எஸ்தர் கடைசி வரிவரை இறங்கிப் பார்த்தார். "எல்லாம் இருக்குங்க. மிச்சத்த இங்கேருந்தே ஓட்டிக்கலாம்."

பாய்க்கு போன் செய்து சொன்னேன். அவர் நம்பவில்லை. "ஜாஸ்தி பேசாதடா. இப்ப புடுங்கிப் பாரு, நான் லைன்லயே இருக்கேன்."

வெளி டிஸ்கைக் கழற்றி எஸ்தர் கையில் கொடுத்த பிறகு அருளைப் பார்த்துத் தலையாட்டினேன். காலையிலிருந்து காத்திருந்தவர் ஒரே இழுப்பில் பிடுங்கினார். மறுபடி மெஷினைப் போட்டோம். விட்டுப்போன அழிப்பை முடித்துவிட்டதாகத் திரையில் ஒரு வரி ஓடியது. டிஸ்கில் பாதிக்குமேல் காலி இடம். எங்கள் மீட்பு மென்பொருளை ஓட்டினேன். அந்த ஃபைல் எங்கே கிடந்தது என்பதற்கு ஒரு தடமும் இல்லை.

"என்னடா, கெடைச்சுதா?" என்றார் பாய்.

"இல்ல பாய்."

"அந்தம்மா புடுங்காம இருந்ததுக்கு என் சலாம் சொல்லு."

அதன்பின் எங்கள் கடையில் போனை எடுப்பவர் முதலில் கேட்பது, அந்த ஃபைலை ஏதாவது புரோகிராம் இன்னும் திறந்து வைத்திருக்கிறதா என்பதைத்தான். அழித்தவருக்கு அது முடிந்த காரியம். மெமரியும் டிஸ்கும் ஒரே பதிலைச் சொல்லும்வரை மெஷினுக்கு அது முடிந்ததாகாது. மீட்பவனுக்குக் கிடைக்கும் நேரம் அந்த இடைவெளிதான்.