புளியந்தோப்புச் சந்தையும் அண்ணன் தூக்கிய கையும்

அண்ணன் நம்மை விட்டுப் பிரிந்து இந்த ஐப்பசியோடு ஓராண்டு நிறைகிறது. தலைதிவசத்துக்கு வரும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அவருடைய வாழ்க்கையை ஒரு நினைவு மலராக எழுதித் தரும்படி அண்ணி கேட்டுக்கொண்டார்கள். இறந்தவரைப் பற்றி எழுதும்போது எல்லாரும் கொஞ்சம் கூட்டித்தான் எழுதுகிறார்கள். ஆகையால் என் நாட்குறிப்பிலும் பஞ்சாயத்துத் தீர்மானப் புத்தகத்திலும் இருப்பதை மட்டும் எழுதுகிறேன். கேள்விப்பட்டதை எழுத நேர்ந்தால், கேள்விப்பட்டது என்றே சொல்லிவிடுகிறேன்.

அண்ணன் பிறந்தது திருமயத்துக்கு அருகே தாய்மாமன் வீட்டில். பள்ளிச் சான்றிதழில் உள்ள பிறந்த தேதி வாத்தியார் உத்தேசமாகப் போட்டது. அதை நம்ப வேண்டாம். மாசிமகத்துக்கு மறுநாள் என்பது ஜாதகம். அப்பா காலமானபோது அண்ணனுக்கு மீசைகூட அரும்பவில்லை. படிப்பை விட்டுவிட்டு ஏர் பிடித்தார். என்னைப் படிக்க வைத்தார். இரண்டு தங்கைகளுக்கும் கல்யாணம் செய்து வைத்தார். 1948இல் புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தபோது ஊரே மகிழ்ந்தது. அண்ணன் மட்டும், "இனிமே மகாராசாகிட்ட மனுக் கொடுக்க வேண்டாம், நம்ம ஆளுககிட்டத்தான் கேக்கணும். அவனுகளை நம்புறதுதான் கஷ்டம்" என்றார்.

புதிய பஞ்சாயத்துச் சட்டம் வந்த பிறகு நடந்த தேர்தலில் அவரே எங்கள் வார்டு மெம்பரானார். அன்று முதல் வீட்டுக்கு வருகிறவர்களின் போக்கு மாறியது. பல வருடம் பேசாத பங்காளி பேசினார். விளக்குக் கம்பம் வேண்டியவர்கள் அண்ணியின் தம்பி வழியாகச் சொல்லி அனுப்பினார்கள். கோயில் திருவிழாவில் திடீரென்று ஒரு கூட்டம் அண்ணனுக்குப் பரிவட்டம் கட்ட முன்வந்தது. கண்மாய் மீன் குத்தகை அவர்களுக்கு வேண்டியிருந்தது என்பது அடுத்த பஞ்சாயத்துக் கூட்டத்தில்தான் தெரிந்தது. அதன்பின் யார் எதைக் கொண்டுவந்தாலும், எலுமிச்சம்பழமே ஆனாலும், அண்ணன் வாசலிலேயே திருப்பி அனுப்பினார்.

இது ஊரில் எல்லாருக்கும் தெரிந்துபோயிற்று. தெரிந்துகொண்டு அதைப் பயன்படுத்தியவர்கள் ரோட்டுக் கடைக்காரர்கள்.

நம் ஊர் செவ்வாய்ச் சந்தை குளத்துக்கரைப் புளியந்தோப்பில்தான் கூடிவந்தது. மேற்கே உள்ள பட்டிகளின் பெண்கள் கூடையை இறக்கிய இடத்தில் உட்கார்ந்து விற்பார்கள். அதை பஸ் நிற்கும் ரோட்டடிக்கு மாற்ற வேண்டுமென்று கடைக்காரர்கள் ஆடி மாதம் ஒரு வியாழக்கிழமை காலையில் வந்தார்கள். ஒரு வெற்றிலைகூடக் கையில் இல்லை.

"உங்க வீட்டுக்கு ஒண்ணும் கொண்டாரக் கூடாதுன்னு தெரியும்ங்க. பொதுநலத்துக்காக இந்தக் காகிதம் மட்டும்தான்" என்றார் அவர்களுக்கு முன்னால் நின்ற மளிகைக் கடைக்காரர்.

மழையில் தோப்பு சேறாகிறது, காலரா வரும் என்று மனுவில் எழுதியிருந்தது. கீழே நிறையக் கையெழுத்துகள். அவற்றில் மூன்று, அப்போது மலாயாவில் இருந்தவர்களுடையவை. நான் இதைக் கண்டுபிடித்தது தீர்மானம் நிறைவேறிய பிறகு. அன்றே பார்க்காதது என் பிழை.

மறுநாள் வெள்ளிக்கிழமை, பட்டியிலிருந்து அடைக்காயி என்ற மூத்த பெண்மணி நாலு பேருடன் வந்தார். சந்தையில் கத்தரிக்காய் விற்பவர். மடியில் ஒரு படி தட்டைப்பயறு. அதைக் கண்டதும் அண்ணனின் முகம் மாறிவிட்டது.

"எடுத்துக்கிட்டுப் போங்க ஆத்தா. பயறுக்குக் கை தூக்குற ஆளு நான் இல்லை."

"பிள்ளைக இருக்குற வீட்டுக்கு வெறுங்கையோட எப்படி வாரது தம்பி? ஒரு சேதி சொல்லணும், அதைக் கேளுங்க."

"பயறு வெளியில போகட்டும், அப்புறம் சேதி."

கொண்டுவந்ததைத் திருப்பி எடுத்துப் போவது அவர்கள் வழக்கத்தில் அவமானம். அடைக்காயி பயறை வாசற்படியில் வைத்துவிட்டு, வந்த சேதியைச் சொல்லாமலே போனார். அண்ணன் ஆள் மூலம் அதைத் திருப்பி அனுப்பினார்.

கூட்டத்தில் அண்ணனைத் தவிர மற்ற மெம்பர்கள் சரிபாதியாகப் பிரிந்து நின்றார்கள். அண்ணன் கை தூக்கினார், சந்தை மாறியது. தீர்மானப் புத்தகத்தில் "ஏகமனதாக" என்று எழுதியிருக்கிறது. அது பொய்.

ரோட்டடியில் கூடிய முதல் சந்தையிலேயே சுண்ணாம்புக் கோடு போட்டு முன்வரிசை முழுவதையும் கடைக்காரர்களின் ஆட்கள் எடுத்துக்கொண்டார்கள். பட்டிப் பெண்களை ஆள் நடமாட்டமில்லாத சாக்கடை ஓரத்துக்குத் தள்ளினார்கள். காய் விற்காமல் கூடையோடு திரும்பியவர்களை அண்ணன் நேரில் பார்த்தார். அன்று மாலையே அடைக்காயி வீட்டுக்குப் போனார். நானும் கூட இருந்தேன்.

"அந்த இடத்தைச் சுத்தி உள்ள மனையெல்லாம் கடைக்காரக பொஞ்சாதிக பேருல முன்னாடியே வாங்கியாச்சு. மனையை அளந்தப்ப எம் மருமகன்தான் அளவுச் சங்கிலி பிடிச்சான். அதைத்தான் சொல்ல வந்தேன். பயறைப் பாத்ததும் நீங்க காதைப் பொத்திக்கிட்டீங்க" என்றார் அவர்.

 பிறகு அண்ணன் ஒவ்வொரு மெம்பர் வீடாகப் போய்ச் சந்தையைத் திரும்பத் தோப்புக்கே கொண்டுபோகும்படி கேட்டார். கேட்கப் போனவரை இப்போது எல்லாரும் சந்தேகித்தார்கள். "எந்தப் பட்டிக்காரன் ஒன்னைய அனுப்பிச்சான்?" என்று அவரோடு ஒரே பெஞ்சில் படித்தவரே கேட்டாராம், இது அண்ணி சொன்னது. கார்த்திகைக் கூட்டத்தில் அண்ணன் எழுந்து, "விசாரிக்காமக் கை தூக்கினேன். அது எந் தப்புன்னு புத்தகத்துல எழுதுங்க" என்றார். குமாஸ்தா தலைவரின் முகத்தைப் பார்த்தார். எழுதும்வரை அண்ணன் உட்காரவில்லை. அந்த வரி இன்றும் இருக்கிறது. போன மாதம் போய்ப் பார்த்தேன்.

சந்தை தோப்புக்குத் திரும்பவில்லை. ஆனால் முன்வரிசையில் பாதி, கூடைக்காரப் பெண்களுக்கு என்று தீர்மானமாயிற்று. அடுத்த தேர்தலில் அண்ணன் தோற்றார். கடைக்காரர்கள் வீடு வீடாகப் போய் வேலை செய்ததாகக் கேள்வி. எழுத்தில் ஆதாரம் இல்லை.

போன ஆண்டு நெஞ்சுவலி வந்து புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் இருந்தார். ஒரு செவ்வாய்க்கிழமை விடிந்ததும் உயிர் பிரிந்தது. "எவரிடமும் எதுவும் பெறாத உத்தமர்" என்று கடைக்காரர்கள் ஓர் இரங்கல் தீர்மானம் போட்டு, இந்த மலரில் சேர்க்கும்படி அனுப்பியிருந்தார்கள். சேர்க்கவில்லை.

ஆஸ்பத்திரியில் இரவு பகல் பார்த்துக்கொண்ட நர்ஸம்மாவுக்கும், வண்டி கொடுத்தவருக்கும், சடங்குகளை முன்நின்று நடத்திய மாமன் மைத்துனர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அண்ணனை எடுத்த அன்று சந்தை நாளாக இருந்தும் பட்டிப் பெண்கள் கூடைகளை விட்டுவிட்டு வந்து, கடைசிவரை நின்றார்கள். முன்வரிசை பாதி காலியாகக் கிடந்தது என்று சொன்னார்கள். நான் அதைப் போய்ச் சரிபார்க்கவில்லை.