சீட்டில் வந்த பக்கம்

பிள்ளைகளே, லீவு விட்டதும் பேச்சு முகாமில் சேரலாமா, எதில் சேரலாம் என்று என் மகளிடம் கேட்க உங்களில் சிலர் எங்கள் வீட்டுக்கு வருகிறீர்கள். அவள் "அப்பாவைக் கேளுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுகிறாள். நான் பத்தாவது வரை படித்தவன். செங்கம் ரோட்டில் ஒரு விடுதியில் சமையல் வேலை. மேடைப் பேச்சுக்கும் எனக்கும் ரொம்ப தூரம். ஆனால் போன கோடையில் முகாம் தேடி அலைந்தது நான்தான். அதனால் நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

அப்போது அவள் எட்டாவது முடித்திருந்தாள். வீட்டில் அவள் வாய் ஓயாது. பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்றால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஒரு நாள் டீச்சர் கேட்ட கேள்விக்குப் பதிலைப் பக்கத்துப் பெண்ணின் காதில் சொல்லியிருக்கிறாள். அந்தப் பெண் எழுந்து சொல்லிக் கைதட்டு வாங்கிவிட்டது. இதை எங்களிடம் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் சோற்றைப் பிசைந்தபடியே வைத்துவிட்டு எழுந்து போனாள். அடுத்த வாரம் அவளே வந்து, லீவில் பேச்சு முகாமில் சேர்த்துவிடச் சொன்னாள்.

நாங்கள் அடி அண்ணாமலையில் இருக்கிறோம். எங்கள் வீட்டுக்கும் என் அண்ணன் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். நிலம் அப்போது பொதுவில் இருந்தது. அண்ணன் பயிர் பார்ப்பார், நான் சம்பளத்துக்குப் போவேன். அண்ணனுக்குப் பிள்ளைகள் இல்லை. என் மகள் நடக்கப் பழகியதே அவர் வீட்டு வாசலில்தான். முகாம் பார்க்கவும் அவர் இல்லாமல் போகவில்லை.

முதலில் வேங்கிக்கால் போனோம். புதுக் கட்டடம், ஏசி, சுவர் முழுக்க ஷீல்டு. ஒரு பையன் கையை ஆட்டி ஆட்டி, மூச்சு விடாமல் பேசினான். பார்க்க எனக்கு மலைப்பாகத்தான் இருந்தது. பொறுப்பாளர், இதுவரை என்ன பரிசு வாங்கியிருக்கிறாள் என்று கேட்டார். இல்லை என்றதும், அப்படியென்றால் கொஞ்ச நாள் பின்னால் உட்கார்ந்து கேட்கட்டும் என்றார்.

அண்ணன் சும்மா இருப்பாரா. "சார், எங்க பொண்ணு வூட்ல ஜாஸ்தி பேசுது. கம்மி பண்றதுக்கு இன்னா வகுப்பு வெச்சிருக்கீங்க?" என்றார். மகள் அவர் முதுகில் ஒரு அடி வைத்தாள். பொறுப்பாளர் சிரிக்கவில்லை.

அடுத்தது, நான் வேலை செய்கிற விடுதிக்குக் கொஞ்சம் தள்ளி, ஒரு பேக்கரிக்கு மேலே இருக்கிற ஹால். ஒரு இளம் டீச்சர், துணைக்கு இரண்டு கல்லூரிப் பிள்ளைகள். நாங்கள் போனபோது ஒரு சின்னப் பெண் பேச எழுந்து, இரண்டு வரியில் மறந்துபோய் நின்றுவிட்டாள். யாரும் சிரிக்கவில்லை. "அங்கேயே நில்லு, வரும்" என்றார் டீச்சர். எல்லோரும் காத்திருந்தார்கள். கீழேயிருந்து பன் வேகிற வாசனை வந்தது. கடைசியில் அந்தப் பெண்ணுக்கு வார்த்தை வந்துவிட்டது. என் மகள் என் விரலைப் பிடித்து நசுக்கினாள்.

எல்லோருக்கும் தினமும் பேச வாய்ப்பு உண்டா, தமிழில் பேசலாமா, தப்பாகச் சொன்னால் திட்டுவீர்களா என்றெல்லாம் நான் கேட்டேன். அண்ணன் கேட்டது ஒன்றே ஒன்று. பெண் பிள்ளைகளுக்குத் தனி பாத்ரூம் இருக்கிறதா? எனக்கு அது தோன்றவே இல்லை. இருக்கிறது என்றார் டீச்சர். அங்கேயே சேர்த்துவிட்டோம்.

தினமும் காலையில் அண்ணன்தான் மொபெட்டில் கொண்டுபோய் விடுவார். சீக்கிரமே வீட்டில் வித்தியாசம் தெரிந்தது. ரசத்தில் உப்பு கம்மி என்பதைக்கூட அவள் "அவையோர்களே" என்று ஆரம்பித்துச் சொன்னாள். என் மனைவி கரண்டியைக் காட்டி அவையை முடித்துவைப்பாள்.

முகாமின் பாதியில் வாதம் ஆரம்பித்தது. ஒரு தலைப்பு, இரண்டு பக்கம். யார் எந்தப் பக்கம் என்று சீட்டுப் போட்டு எடுப்பார்கள். மனசுக்குப் பிடித்ததோ இல்லையோ, சீட்டில் வந்த பக்கத்துக்காகப் பேச வேண்டும். அப்போதுதான் எதிராளியின் நியாயமும் புரியுமாம். இதை மகள் எனக்குச் சொன்னபோது நல்ல விஷயமாகத்தான் பட்டது. விளைநிலத்தை வீட்டுமனை ஆக்கலாமா கூடாதா என்பது தலைப்பு. ஆக்கலாம் என்கிற பக்கம் அவளுக்கு வந்தது.

அந்தச் சமயம் எங்கள் ஊரைச் சுற்றி மனைக்கல் நட்டுக்கொண்டிருந்தார்கள். தரகர்கள் வீடு வீடாக வருவார்கள். தன்னிடம் வந்த தரகரை அண்ணன், மல்லாட்டை வேணும்னா வாங்கிக்கினு போ என்று அனுப்பிவிட்டார். மல்லாட்டை என்றால் எங்கள் பக்கம் வேர்க்கடலை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் அண்ணன் தம்பிக்குள் பாகம் பிரிக்க நினைப்பவன் நேரே வாயைத் திறக்க மாட்டான். பெண்டாட்டியைப் பேசவிடுவான், இல்லையென்றால் பிள்ளையைப் பேசவிட்டு ஆழம் பார்ப்பான். பிள்ளை வாயில் வருவது பெற்றவன் பேச்சு என்று எல்லோருக்கும் தெரியும்.

மகள் கிணற்றடியில் நின்று பேசிப் பழகினாள். உங்களுக்குத் தெரிந்ததிலிருந்து உதாரணம் சொல்லுங்கள் என்று டீச்சர் சொல்லியிருந்தார். அவளுக்குத் தெரிந்தது எங்கள் வீடுதானே. "எங்கள் வீட்டிலேயே ஒருவர் இருக்கிறார். விடிந்தது முதல் பொழுது சாயும் வரை அந்த நிலத்தில் குனிந்தே கிடக்கிறார். வருஷக் கடைசியில் அவருக்கு மிச்சம் முதுகு வலி மட்டும்தான். ஒரு பெரியவரின் பிடிவாதத்துக்காக ஒரு குடும்பமே காத்திருக்க வேண்டுமா?" அடுப்படியில் இருந்து கேட்ட என் மனைவி, என்னமா பேசுது பாருங்க என்று என்னிடம் பூரித்துப் போனாள். மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வந்த அண்ணன் சுவருக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தது எங்களுக்குத் தெரியாது.

மறுநாள் அவர் மொபெட்டை எடுக்கவில்லை. வேலை இருக்கிறது என்று அண்ணி வந்து சொன்னாள். மகள் பஸ்ஸில் போனாள்.

சாயங்காலம் மோட்டார் கொட்டகைப் பக்கம் என்னைக் கூப்பிட்டார். கோபமாக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"பாகம் வேணும்னா என்னைக் கேட்டிருக்கலாமேடா. கொழந்தை வாயில ஏன் வெச்ச?"

எனக்கு முதலில் விளங்கவே இல்லை. விளங்கியதும் பதறிப்போய்ச் சீட்டு விஷயத்தைச் சொன்னேன். அது முகாமில் கொடுத்த பக்கம், அவள் நினைப்பு இல்லை, என் நினைப்பும் இல்லை, வேண்டுமானால் டீச்சரிடம் கேட்டுப் பார்க்கலாம் என்றேன்.

அண்ணன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு, "முதுகு வலின்னு சொல்லிச்சே, அதுவும் சீட்டுல வந்ததா?" என்றார்.



மகளிடம் சொல்லாமல் இருக்கத்தான் பார்த்தோம். அவளே கண்டுபிடித்துவிட்டாள். முகாமுக்கே போக மாட்டேன் என்று படுத்துக்கொண்டாள். டீச்சர் போனில் பேசி, கடைசி நாள் பக்கம் மாறும், அன்றைக்கு வீட்டுமனை ஆக்கக் கூடாது என்று நீ பேசலாம் என்றார். அதைக் கேட்டுத்தான் எழுந்தாள். பெரியப்பாவை எப்படியாவது கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள், நான் பேசுவதை ஒரே ஒரு தடவை அவர் கேட்டால் போதும் என்று என்னிடம் அவ்வளவு கெஞ்சினாள். அவளுக்குப் பரிசெல்லாம் ஒரு பொருட்டாகவே இல்லை.

கடைசி நாள் காலையில் நான் கூப்பிடப் போனேன். அண்ணன் மண்வெட்டிக்கு ஆப்பு அடித்துக்கொண்டிருந்தார். நிலத்தை விற்கக் கூடாது என்று இன்றைக்குப் பேசுகிறாள், வாங்கண்ணா என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "அன்னிக்கும் நல்லாத்தான் பேசிச்சு. இன்னிக்கும் நல்லாத்தான் பேசும். இதுல எதைடா நான் நம்பறது?"

நான் தனியாகத்தான் போனேன். மகள் என்னைப் பார்த்தாள், எனக்குப் பக்கத்து நாற்காலியைப் பார்த்தாள், மேடைக்குப் போய்விட்டாள். நாக்கு ஒட்டவில்லை. எங்கள் பெரியப்பா என்று ஆரம்பித்தாள். அதே மனுஷன், அதே நிலம், அதே குனிந்த முதுகு. இந்தத் தடவை அத்தனையும் பெருமையாக வந்தது. பின்வரிசையில் ஒரு அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கோ, கிணற்றடியில் கேட்ட குரலும் இதே குரல்தானே, இதே ஏற்ற இறக்கம்தானே என்று தோன்றிவிட்டது. பெற்ற எனக்கே ஒரு நொடி அப்படித் தோன்றினால், அண்ணனை நான் என்ன சொல்ல முடியும்?

புதிதாகப் பேச வந்தவர்களில் முதல் பரிசு அவளுக்குத்தான். பஸ்ஸில் வரும்போது, உனக்கு எதும்மா நெஜம் என்று கேட்டேன். 

"பெரியப்பாவுக்கு முதுகு வலிக்குதுப்பா. அதுதான் நெஜம்."

ஆனி மாதம் அண்ணனே நிலத்தைப் பாகம் பிரிக்கச் சர்வேயரைக் கூட்டிவந்தார். வேண்டாம் என்று நானும் என் மனைவியும் எவ்வளவோ சொன்னோம். அண்ணி அழுதாள். அண்ணன் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. ரோட்டை ஒட்டிய பாதியை எனக்கு விட்டார், கிணறு பொது என்றார். நாலு பேர் முன்னால் என் தோளில் கைகூட வைத்தார். சண்டை போட்டிருந்தால் ஒரு நாள் சமாதானமாவது ஆகியிருப்போம்.

முகாம் எது நல்லது என்று கேட்டீர்கள். பேக்கரிக்கு மேலே நடப்பது நல்ல முகாம்தான். புதிதாகப் பேச வருகிறவர்களுக்கு அங்கே பயம் இருக்காது, தைரியமாகச் சேருங்கள். சேருகிற அன்றே வீட்டில் எல்லோரையும், பக்கத்து வீட்டில் இருக்கிற பெரியப்பா சித்தப்பாவையும் சேர்த்து உட்காரவைத்து, சீட்டுப் போடுகிற முறையைச் சொல்லிவிடுங்கள். நம்புவார்களா என்று எனக்குத் தெரியாது.

இந்த வருஷம் பெரிய பிள்ளைகளின் வகுப்பில் சேரச் சொல்லி டீச்சர் கூப்பிட்டார். மகள் வரவில்லை என்று சொல்லிவிட்டாள். பள்ளிக்கூடத்தில் கேள்வி கேட்டால் எழுந்து நின்று பதில் சொல்கிறாள், அந்த மட்டும் சரி. இப்போது சித்திரைப் பட்டத்துக்கு விதை மல்லாட்டை உரிக்கிற சமயம். சாயங்காலத்தில் அவள் அண்ணன் வீட்டுக்குப் போய்ப் பெரியம்மா பக்கத்தில் உட்கார்ந்து உரிக்கிறாள். அண்ணனும் எதிரில் உட்கார்ந்து உரிக்கிறார். சாப்பிட்டியா என்று கேட்பார். சாப்பிட்டேன் என்பாள். அதற்கு மேல் அங்கே பேச்சு இல்லை.