அடிக்காத மணியும் பாஸ் வைத்திருந்த எருமையும்

மேலே இருப்பவரைப் பார்த்து "நீங்கள் செய்வது தப்பு" என்று சொல்லப் பழக்குவதுதான் என் தொழில். இதற்குச் சம்பளம் தருவதும் மேலே இருப்பவர்கள்தான் என்பதால், பணம் கைக்கு வரும்போதெல்லாம் எனக்கே கொஞ்சம் சந்தேகமாக இருக்கும்.

நான் லோக்கல் ரயிலை ஓட்டும் மோட்டார்மேனாக இருந்து ஓய்வு பெற்றவன். பம்பாய் செம்பூரில் ஒரு தோசைக் கடையின் மாடியில் விமானக்காரர்களுக்கும் ரயில்காரர்களுக்கும் பாதுகாப்புப் பயிற்சி கொடுக்கிறார்கள், அங்கே நான் வாத்தியார். இயந்திரம் கெட்டால் இன்ஜினியர் பார்த்துக்கொள்வார். மனுஷன் கெடுவதை நான் பார்க்க வேண்டும். களைப்பு, அவசரம், அசட்டு தைரியம், இவை எல்லாவற்றையும்விட ஆபத்தான மரியாதை. தப்பு நடக்கும்போது பக்கத்தில் இருந்தவருக்கு அது தெரிந்திருக்கும். சீனியராயிற்றே என்று வாயை மூடிக்கொண்டிருப்பார். "சார், அது தப்பு" என்று சொல்ல வாயெடுத்து, "சார், டீ சொல்லட்டுமா?" என்று முடித்த அனுபவம் உங்களுக்கும் இருக்கும். இருந்தால் நீங்களும் நம்ம ஆள்தான், உட்காருங்கள்.

நிறுவனத்தின் முதலாளி தங்கராஜ். தாராவியில் முறுக்கு, சீவல் வியாபாரம் செய்த குடும்பம். முறுக்கில் வந்த லாபத்தைப் பாதுகாப்பில் போட்டார். போட்ட கொஞ்ச நாளிலேயே என்னைக் கூப்பிட்டு நிபந்தனையையும் சொல்லிவிட்டார். "அண்ணாச்சி, ஏர்லைன்ல இருந்து ஒரு மேடம் உங்க கிளாஸைப் பாக்க வருவாங்க. அன்னைக்கு ஒருத்தனாவது எந்திச்சு உங்களை எதுத்துக் கேக்கணும். கேக்கலைன்னா கோர்ஸை மூடிட்டு மாடியை ஜிம்முக்கு வாடகைக்கு விட்டிருவேன், பாத்துக்கிடுங்க."

எருமையும் மாத பாஸும்

என் முறை எளிமையானது. பாடத்தின் நடுவே கூசாமல் ஒரு பொய் சொல்வேன். யாராவது கையைத் தூக்கி "சார், இது பொய்" என்று சொன்னால் அன்றைய பாடம் ஜெயம். பொய் சொல்ல எனக்குத் தனியாகப் பயிற்சி தேவைப்படவில்லை.

முதல் நாள் எருமைக் கதையைச் சொன்னேன். கொட்டுகிற மழையில் குர்லாவில் ஒரு எருமை முதல் வகுப்புப் பெட்டியில் ஏறியது. ஓரமாக நின்றுகொண்டு யாருக்கும் தொந்தரவு கொடுக்காமல் வந்தது. டிக்கெட் பரிசோதகர் வந்ததும் கழுத்தை ஆட்டிக் காட்டியது. கழுத்துக் கயிற்றில் மாத பாஸ் தொங்கியது. அவர் பார்த்து சலாம் வைத்துவிட்டுப் போனார். எருமை தாணேயில் இறங்கிக்கொண்டது. சொல்லி முடித்துவிட்டு வகுப்பைப் பார்த்தேன். எல்லாரும் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் 'தாணே' என்பதற்கு அடியில் கோடுகூடப் போட்டார்.

"யாருக்காவது ஏதாவது கேட்க வேண்டுமா?" என்றேன். பின் வரிசையில் ஒரு கை உயர்ந்தது. தாராவிக்காரர், இசக்கிமுத்து, ரயிலின் கடைசிப் பெட்டியில் கார்டு வேலை. ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன். அவர் எழுந்து, கையைக் கட்டிக்கொண்டு, நிஜமான வருத்தத்தோடு சொன்னார்: "அந்தக் காலத்துல எருமைகூட ஒழுக்கமா இருந்திருக்கு, சார்."

சக்கரமும் மரியாதையும்

விமானக்காரர்கள் படித்தவர்கள், அவர்கள் வாய் திறப்பார்கள் என்று நினைத்தேன். இரண்டு நாற்காலி போட்டு அதை விமானி அறை என்றும், முன்னால் மேஜைமேல் ஒரு தாள் விமானத்தை எங்கள் விமானம் என்றும் வைத்துக்கொண்டோம். நான் கேப்டன். மாட்டுங்காவிலிருந்து வரும் சுந்தரேசன் துணை விமானி. கேப்டன் சக்கரத்தை இறக்க மறந்துவிட்டு விமானத்தை இறக்கப் போகிறார், துணை விமானி தடுக்க வேண்டும், அவ்வளவுதான் பயிற்சி. நான் மறந்தேன். மறந்துவிட்டு வானிலையைப் பற்றிப் பேசிக்கொண்டே கீழே இறங்கினேன்.

சுந்தரேசன் முதலில் தொண்டையைக் கனைத்தார். அப்புறம், "சார், இன்னிக்கு ரன்வே கொஞ்சம் சொரசொரப்பா இருக்கும் போலிருக்கு" என்றார். நான் கேட்காதவன் மாதிரி இறங்கினேன். "சார், சக்கரம்னு ஒண்ணு இருக்கோன்னோ, அதைப் பத்தி உங்க அபிப்ராயம் என்ன?" என்றார். அபிப்ராயம் சொல்வதற்குள் தரை வந்துவிட்டது. தாள் விமானம் வயிற்றால் உரசி மேஜையிலிருந்து கீழே விழுந்தது.

"ஏன்ப்பா, அத்தனை பேரும் போய்ச் சேர்ந்தாச்சு, சக்கரத்தை இறக்குங்கள்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?" என்று கேட்டேன். சுந்தரேசனுக்கு முகம் சுண்டிப்போய்விட்டது. "சொன்னேனே சார், கொஞ்சம் மரியாதையா சொன்னேன்."

தெறித்த டிபன் டப்பா

லோக்கல் ரயிலில் முன்கோடியில் மோட்டார்மேன் இருப்பார், பின்கோடியில் கார்டு இருப்பார். நடுவில் பம்பாயில் பாதி இருக்கும். இருவருக்கும் பேச்சு மணியால்தான். எல்லாரும் ஏறியாயிற்று என்று கார்டு இரண்டு மணி அடித்தால் வண்டி கிளம்பலாம். ஒரு மணி அடித்தால் நிறுத்த வேண்டும். கடைசி ஸ்டேஷனில் வண்டி திரும்பும்போது இருவரும் கோடி மாறுவார்கள். கூட்டத்துக்குள் எதிரெதிரே வந்து, ஒரு கையசைப்போடு கடந்துபோவார்கள்.

அப்படிக் கையசைத்தே காலத்தை ஓட்டிய ஒரு ஜோடி என் வகுப்பில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தது. ஒருவர் இசக்கிமுத்து. இன்னொருவர் கல்யாணிலிருந்து வரும் மோட்டார்மேன் கோமதிநாயகம், வயதில் மூத்தவர். "உங்கள் கூட்டாளியிடம் இத்தனை நாளாகச் சொல்ல நினைத்துச் சொல்லாமல் விட்டதை இப்போது சொல்லுங்கள்" என்று ஒரு பயிற்சி கொடுத்தேன். இசக்கிமுத்து கோமதிநாயகம் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். பிறகு, "அண்ணாச்சி, நீங்க பிரேக் போடுத போடுல பின்னாடி என் டிபன் டப்பா தெறிச்சு விழுந்துருது. நானும் சோறு தின்ன நாளை விட பொறுக்கின நாளுதான் அதிகம்" என்றார். வகுப்பு சிரித்தது. கோமதிநாயகம் சிரிக்கவில்லை.

"எத்தனை நாளா வே?" என்று கேட்டார். "நாம சேந்து வண்டி ஓட்ட ஆரம்பிச்ச நாள்ல இருந்தே" என்றார் இவர். கோமதிநாயகத்தின் குரல் இறங்கிவிட்டது. "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா மெதுவாப் போட்டிருப்பம்லா, பின்னாடி சோறு சிந்துதது எனக்கு எப்படி வே தெரியும்?"

வீட்டுப் பாடம்

வகுப்பில் ஒருவரும் என்னை எதிர்த்துப் பேசாததில் எனக்கு உள்ளூர ஒரு சுகமும் இருந்தது. வீட்டு நிலைமை அப்படி. நான் "மழை வரும் போலிருக்கு" என்றால் என் மனைவி செல்லம்மா ஜன்னலைத் திறந்து வானத்தைப் பார்த்துவிட்டு "வராது" என்பாள். வராது. எருமைக் கதையை ஒருமுறை அவளிடமும் சொன்னேன். குர்லாவில் எருமை பிளாட்பாரத்துக்கு ஏறும் இடத்தைத் தாண்டுவதற்குள்ளேயே, "போதும், நிறுத்துங்க" என்றாள்.

அவளை மேடம் வரும் நாளன்று வகுப்பில் உட்கார வைத்தால் என்ன என்று தோன்றியது. கோர்ஸ் பிழைத்துவிடும். "ஒரே ஒரு நாள் வா, நான் பேசும்போது நடுவில் மறுத்துச் சொல்லு, மதியம் கீழே மசால் தோசை" என்று ஆசை காட்டினேன். அவள் கறிவேப்பிலையை உருவிக்கொண்டே நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னாள்: "நான் வந்தா கோர்ஸு பொழச்சிரும், உங்க வேலைதான் போயிரும்."

மேடம் வந்த நாள்

ஏர்லைன் மேடம் வந்தார். மராட்டிக்காரர், பேச்சு இந்தி, முகத்தில் ஒரு உணர்ச்சியும் கிடையாது. கூட்டம் நிறைவாகத் தெரியட்டும் என்று தங்கராஜ் ரயில், விமானம் இரண்டு பக்கத்து ஆட்களையும் ஒன்றாக உட்கார வைத்திருந்தார். நான் பாடத்தை ஆரம்பித்து, தயார் செய்து வைத்திருந்த பொய்யை எடுத்துவிட்டேன்: "மழை நாளில், நாற்பது வயது தாண்டிய மோட்டார்மேன் சிவப்பு சிக்னலைத் தாண்டிப் போகலாம், அனுபவத்துக்கு விதிவிலக்கு உண்டு." ஒரு சத்தம் இல்லை. கோமதிநாயகம் ஆமாம் என்று தலையை ஆட்டினார். அவருக்கு ஐம்பது. கதவோரம் நின்ற தங்கராஜ் அளக்கும் கண்ணால் சுவரைப் பார்த்தார். ஜிம்முக்குக் கண்ணாடி எங்கே மாட்டலாம் என்று யோசிக்கிறார் என்று எனக்குப் புரிந்தது.

சரி, செய்முறைப் பயிற்சியிலாவது தப்பிக்கலாம் என்று ரயிலை ஓட்டப் போனேன். ஹாலின் முன்பக்கம் என் நாற்காலி, ஒரு கைப்பிடி. அதைத் திருப்பினால் சுவரில் விளக்கு எரியும், வண்டி நகர்ந்ததாக அர்த்தம். பின்கோடியில் இசக்கிமுத்துவும் மணிப் பொத்தானும். நடுவே நாற்காலிகளில் பயணிகள். படிக்கட்டுக்கு ஒரு ஸ்டூல். சுந்தரேசன் கடைசிப் பயணியாக ஏற வேண்டும். மேடம் என் பக்கத்தில் வந்து நின்றார். சும்மா நிற்கிறாரே என்று எருமைக் கதையை ஆரம்பித்தேன். எருமை பாஸைக் காட்டும் கட்டத்தில் பின்னாலிருந்து இரண்டு மணி கேட்டது. கைப்பிடியைத் திருப்பினேன். விளக்கு எரிந்தது. உடனே ஒரு மணி அடித்தது. ஆள் பதறுகிறான் என்று நினைத்துக் கதையைத் தொடர்ந்தேன். மறுபடி ஒரு மணி. எருமை தாணேயில் இறங்க வேண்டியிருந்தது, விட முடியவில்லை. அப்போது ஒரு நாற்காலி உருண்டு விழுகிற சத்தம். பின்கோடியிலிருந்து இசக்கிமுத்து ஓடி வந்து என் மணிக்கட்டைப் பிடித்துக் கைப்பிடியோடு சேர்த்துத் திருப்பினார்.

"அண்ணாச்சி, நிறுத்துங்க! நான் ரெண்டு மணி அடிக்கவே இல்ல. ஏறுத ஆளு கால் இன்னும் வெளிய கெடக்கு!" என்று கத்தினார்.  எல்லாரும் ஸ்டூலைத் திரும்பிப் பார்த்தோம். அங்கே ஒற்றைக் காலில் தள்ளாடிக்கொண்டிருந்த சுந்தரேசன் சொன்னார்: "என் கால்தான் சார், பரவால்லே."

இரண்டாவது எதிர்ப்பு

மேடம் கை தட்டினார். முதல்முறையாக அந்த முகத்தில் சிரிப்பு வந்தது. வேண்டுமென்றே தப்புச் செய்து, ஜூனியரைத் தடுக்க வைத்த உத்தி பிரமாதம், இதைத்தான் எதிர்பார்த்தேன் என்று இந்தியில் புகழ்ந்தார். தங்கராஜ் பெருமூச்சு விட்டார். நானும் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டு, "எல்லாம் முன்கூட்டியே திட்டமிட்டதுதான் மேடம்" என்றேன். என் வாழ்நாளில் சொன்ன பொய்களில் அவ்வளவு சுலபமாக விலைபோனது வேறு கிடையாது.

இசக்கிமுத்து கையைத் தூக்கினார். "மேடம், இவரு வேணும்னு செய்யல. நெசமாவே தப்புப் பண்ணிட்டாரு. அடிக்காத மணி இவரு காதுல அடிச்சிருக்கு" என்று இந்தியில் போட்டு உடைத்தார். மேடம் என் பக்கம் திரும்பி, உண்மையா என்று கேட்டார். எனக்கு அந்த மணி துல்லியமாகக் கேட்டது. இன்றைக்கும் சத்தியம் செய்வேன். ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் அந்த இரண்டு மணிக்காகக் காத்திருந்தே வேலை பார்த்த காது. காத்துக் காத்து ஒருநாள் தானே அடித்துக்கொண்டது. நாற்காலி ரயிலாக இருந்ததால் சுந்தரேசன் இரண்டு காலோடு மாட்டுங்கா போகிறார். நிஜ ரயில் என்றால் ஒரு கால் போயிருக்கும். "உண்மைதான் மேடம்" என்றேன்.

அதைச் சொல்வதற்கு முன்னால் மேடம் பார்க்காதபடி ஒரு கடைசி முயற்சியும் செய்தேன் என்பதை மறைக்க முடியாது. மறைக்க விடாமல் இசக்கிமுத்து அப்போதே எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார்: "காலை மிதிக்காதீங்க அண்ணாச்சி, அதையும் சொல்லிருவேன்."

புது வகுப்பு

கோர்ஸ் தப்பியது. ஒருவர் தடுத்தார், தடுக்கப்பட்டவர் ஒப்புக்கொண்டார், தனக்கு வேண்டியது இதுதான் என்று மேடம் எழுதிக் கொடுத்துவிட்டார். கூடவே ஒரு நிபந்தனையும் போட்டார்: ஒவ்வொரு வகுப்பிலும் நான் அடிக்காத மணியைக் கேட்ட கதையை என் வாயாலேயே, ஒரு எழுத்துக் கூட்டாமல் குறைக்காமல் சொல்ல வேண்டும். கூட்டாமல் குறைக்காமல் கதை சொல்வது என் வயதில் கடினமான வேலை. டூட்டி இல்லாத நாளில் இசக்கிமுத்து வந்து பின்கோடியில் மணிப் பொத்தானோடு உட்கார்ந்திருப்பார். நான் ஒரு சொல் கூட்டினால் ஒரு மணி அடிப்பார்.

போன வாரம் ஐரோலியிலிருந்து ஒரு புது வகுப்பு வந்தது. எருமைக் கதையைச் சொன்னேன், எழுதிக்கொண்டார்கள். அடுத்து மணிக் கதையைச் சொன்னேன். இசக்கிமுத்து பின்னால் இருந்தும் மணி ஒருமுறைகூட ஒலிக்கவில்லை, அத்தனை சுத்தமான உண்மை. முடித்ததும் முன்வரிசையில் ஒரு விமானப் பணிப்பெண் விருட்டென்று கையைத் தூக்கினாள். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து நான் காத்திருந்த கை அது. எழுந்து, என் கண்ணைப் பார்த்து, தயக்கமே இல்லாமல் சொன்னாள்: "சார், இது பொய். அவ்வளவு வருஷம் வண்டி ஓட்டினவர் அடிக்காத மணியை எப்படிக் கேட்பார்?"

பாஸ் வைத்திருந்த எருமையை நம்பிவிட்டு என் காதை நம்ப மறுக்கிறார்களே என்று மனசு நொந்தாலும், வாயைத் திறந்துவிட்டார்கள் என்கிற கணக்கில் இந்த மாதச் சம்பளத்தை நான் கொஞ்சமும் கூசாமல் வாங்கிக்கொண்டேன்.