வாதி ஆஜராகவில்லை

எண்பதுகளின் நடுவில் திண்டிவனத்தில் ஒரு நீதிமன்றத்தின் சிவில் பிரிவில் குமாஸ்தாவாக இருந்தேன். வருகிற வழக்கு மனுக்களில் குறை பார்ப்பது என் வேலை. வக்கீல்கள் போடும் மனுக்களுக்கு நடுவே ஒரு நாள், சிறை முத்திரையோடு, கோடு போட்ட நோட்டுத் தாளில் எழுதிய மனு ஒன்று வந்தது.

எழுதியவர் வானூர்ப் பக்கத்து விவசாயக் கூலி. அடிதடி வழக்கில் தண்டனை பெற்றவர். விசாரணைக் கைதியாக ஒரு கிளைச்சிறையில் இருந்தபோது காவலர் அறைந்ததில் இடது காது கேட்காமல் போய்விட்டது, வைத்தியமும் பார்க்கவில்லை என்று எழுதியிருந்தார். வக்கீல் கிடையாது. தன் வழக்கைத் தானே நடத்துவதாகச் சொல்லியிருந்தார்.

நான் திருப்பி அனுப்பினேன். அரசின் மீது வழக்குப் போடுவதென்றால் இரண்டு மாதம் முன்பே அறிவிப்பு கொடுக்க வேண்டும். அவர் கொடுத்தார், காத்திருந்தார், மறுபடி அனுப்பினார். மனுவின் முடிவில் உறுதிமொழிப் பத்தி இல்லையென்று இன்னொரு தடவை திருப்பினேன். அதையும் எழுதி அனுப்பினார். ஓரத்தில் இடம் விடவில்லை என்று மூன்றாம் தடவை. அதற்காகத் திருப்பியிருக்க வேண்டியதே இல்லை. அன்று வேறு ஏதோ எரிச்சலில் இருந்தேன்.

ஒருவழியாக வழக்குக்கு நம்பர் விழுந்தது. முதல் வாய்தாவுக்குச் சிறையிலிருந்து அவரைக் கூட்டி வரவில்லை. நீதிபதி ஒத்திவைத்தார். அடுத்த வாய்தாவில் நீதிமன்றச் சேவகரான டவாலி வராந்தாவில் நின்று மூன்று முறை பெயர் சொல்லிக் கூப்பிட்டார். வாதி ஆஜராகவில்லை, தள்ளுபடி. இரண்டு நிமிடம் ஆகியிருக்காது.

அன்று சாயங்காலம் குற்றவியல் பிரிவிலிருந்து ஓர் உறை திரும்பி வந்தது. தன்னை அழைத்துவர உத்தரவிடும்படி அவர் நீதிபதிக்கு எழுதிய கடிதம். ஆறு நாள் முன்பே வந்திருந்தது. சிறை முத்திரையைப் பார்த்ததும் ஏதோ குற்ற வழக்குக் கடிதம் என்று நினைத்து, பிரிக்காமலேயே அந்தப் பிரிவுக்குத் தள்ளிவிட்டவன் நான்தான். நீதிபதி அப்போது அறையில்தான் இருந்தார். உள்ளே போய்ச் சொல்லியிருக்கலாம். மெமோ வரும் என்று பயந்தேன். கடிதத்தை வழக்குக் கட்டோடு சேர்த்துக் கோத்து வைத்துவிட்டேன்.

சில நாள் கழித்து அந்தக் கைதியின் மனைவி வந்தார். முப்பது நாளைக்குள் மறுபடி எடுக்கச் சொல்லி மனுப் போட வேண்டும் என்று மட்டும் சொன்னேன். மனு வந்தது, ஒன்பது நாள் தாமதமாக. சிறை அலுவலகத்தில் கையெழுத்தாகத் தாமதமாம். தாமதத்தை மன்னிக்கத் தனி மனு இல்லை என்று எழுதித் திருப்பினோம். அதுவும் என் கையெழுத்துதான். அதற்குப் பிறகு அவரிடமிருந்து எதுவும் வரவில்லை.

இரண்டு வருடம் கழித்து விழுப்புரம் பஸ் நிலையத்தில் அந்த அம்மா என்னை அடையாளம் கண்டுகொண்டு வந்தார். கணவர் விடுதலையாகி வந்துவிட்டாராம். கட்டட வேலைக்குப் போகிறாராம். காது எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"அது போனது போனதுதான் சார். வலப்பக்கமா நின்னுக்கினு பேசினாத்தான் கேக்குது."

பிறகு சொன்னார்: "உங்கள நல்லவருன்னு சொல்லிக்கினே இருப்பாரு. எங்கெங்க தப்புன்னு ஒவ்வொரு தபாவும் எழுதிக் காட்டினீங்களாம். வேற யாரும் அவரு எழுத்த அவ்ளோ படிச்சதில்லையாம்."

கடிதத்தைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்று கேட்டேன். பெரியவள் ஆறாவது என்றார். அதற்குள் பஸ் வந்துவிட்டது. "வர்றேன் சார்" என்று சொல்லிவிட்டு ஓடிப்போய் ஏறினார்.